கணுக்காலில் கட்டிய வாட்ச்

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அந்த வாட்சுகளைக்கூடத் திருப்பி வாங்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். பாதிக்குப் பட்டை அறுந்துவிட்டது, மீதிக்குச் சார்ஜ் ஏறுவதில்லை. வாட்ச் போய்விட்டது, அது சொன்ன சொல் மட்டும் நிலைத்துவிட்டது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நான் சொல்லப்போவது வண்டியக்காவைப் பற்றி. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எங்கள் சலவைக்கூடம் இருக்கிறது. அங்கே அவள் பத்தொன்பது வருடம் துணி வண்டி தள்ளினாள். ஆறு மாடியிலிருந்தும் அழுக்குத் துணி கீழே வர வேண்டும், துவைத்து மடித்தது மேலே போக வேண்டும். லிப்ட் நோயாளிகளுக்கு மட்டும்தான். துணி வண்டிக்கு என்று வளைந்து வளைந்து ஏறும் ஒரு சாய்தளம் உண்டு. வண்டி அவள் நெஞ்சுயரம் இருக்கும், முன்சக்கரம் ஒன்று எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். ஏறும்போது வயிற்றைக் கொடுத்துத் தள்ளுவாள். இறங்கும்போது வண்டிக்கு முன்னால் போய் நின்று, முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே வருவாள். ஒரு நாளைக்குப் பதினான்கு நடை. நான் எண்ணியிருக்கிறேன், ஏனென்றால் அந்தப் பதினான்கு வண்டிக்கும் துணி மடித்துக் கொடுத்தவள் நான்தான்.

ஆள் குள்ளம், ஒல்லி. ஆண்கள் போடும் கான்வாஸ் ஷூ, அதுவும் ஓர் அளவு பெரியது, உள்ளே இரண்டு ஜோடி காலுறை. வாய் மட்டும் ஆளைவிடப் பெரியது. மடித்த விரிப்பில் ஒரு மஞ்சள் கறை தெரிந்தாலும் வண்டியில் ஏற்ற மாட்டாள். என் மேசையில் கொண்டுவந்து பொத்தென்று போடுவாள்.

"இதுல உன் புள்ளையப் படுக்க வைப்பியா?"

"லேசாத்தானேக்கா தெரியுது."

"லேசாவா தெரியுது? அப்போ நீ போர்த்திக்கிட்டுப் படு."

இப்படித் திட்டு வாங்கியே எனக்குக் கண் கூர்மையாகிவிட்டது. ட்ரையர் பார்க்கும் அண்ணன்கூட அவளுக்குப் பயந்து துணியை ஐந்து நிமிடம் கூடுதலாக ஓட்டுவார். குழந்தைப் பிரிவுக்குப் போகும் துணியை அவள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள், ஈரம் இருந்தால் அவ்வளவுதான்.

வீடு என்று பார்த்தால் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். முப்பது வருடம் உட்கார்ந்து ஓட்டியதில் முதுகெலும்பு போய்விட்டது. இப்போது ஜன்னலோரக் கட்டிலில் சத்தத்தைக் குறைத்து வைத்து டிவி பார்க்கிறார், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்துவிடும் என்று. "அந்த மனுஷன் உக்காந்தே கெட்டாரு, நான் நடந்தே கெட்டேன்" என்பாள் வண்டியக்கா. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் காலால்தான். வேறு வருமானம் கிடையாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் கோட்டுக்காரர் வந்து சேர்ந்தார். எங்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்தக் கம்பெனி அனுப்பிய புது மேனேஜர். நீராவியில் நாங்கள் எல்லாம் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி நிற்போம், அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பார். கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறையும் அதில் ஒரு குளிர்சாதனமும் அவருக்கு வந்தன. அந்த அறை என் மடிப்பு மேசையிலிருந்து நான்கடி தூரம். உள்ளே பேசுவது எல்லாம் என் காதில் விழும்.

வந்த இரண்டாவது வாரம் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்.

"கம்பெனி உங்க ஆரோக்கியத்துல அக்கறை வச்சிருக்கு. இனிமே எல்லாரும் இதைக் கையில கட்டித்தான் வேலை பாக்கணும். கழட்டவே கூடாது."

பெட்டியின் மேல் ஓடுகிற ஒரு பெண்ணின் படம். அவளுக்கு ஒரு பொட்டு வியர்வை இல்லை. உள்ளே கருப்பு ரப்பர் பட்டையோடு ஒரு வாட்ச். நடையை எண்ணுமாம், இதயத்துடிப்பு சொல்லுமாம், ரத்தத்தில் காற்று எவ்வளவு என்று பார்க்குமாம், தூக்கத்தை அளக்குமாம், மன அழுத்தத்துக்குக்கூட மார்க் போடுமாம். நூறு வகை உடற்பயிற்சி அதற்குத் தெரியும் என்று எழுதியிருந்தது. ட்ரையர் அண்ணன் நூறையும் உருட்டிப் பார்த்தார். பனிச்சறுக்கு இருந்தது, வில்வித்தை இருந்தது. வண்டி தள்ளுவது இல்லை.

நியாயமாகச் சொன்னால், அந்த மலிவு விலைக்கு அது அவ்வளவு மோசம் இல்லை. நேரம் சரியாகக் காட்டும். துவைக்கும் உருளைகள் போடும் சத்தத்தில் போன் மணி கேட்காது, இது கையில் நடுங்கிச் சொல்லிவிடும். அது எனக்குப் பிடித்திருந்தது. மற்றதெல்லாம் வாய்ப்பந்தல்தான். பத்து நாள் சார்ஜ் நிற்கும் என்றார்கள், நான்கு நாளுக்கு மேல் தாங்காது. கையைத் தூக்கினால் திரை தானாக எரியும். துணி மடிக்கிறவள் கையைத் தூக்காமல் எப்படி மடிப்பாள்? நாள் முழுக்க என் மணிக்கட்டு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஈரக் கையால் தொட்டால் திரை சொன்ன பேச்சைக் கேட்காது, தொடாதபோது தானே எதையாவது திறந்துவைக்கும். சார்ஜ் செய்யும் கிளிப் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தும்மினால் விழுந்துவிடும், காலையில் பார்த்தால் வாட்ச் செத்துக் கிடக்கும். நீராவியில் பட்டைக்கு அடியில் எல்லோருக்கும் சிவந்து அரித்தது.

தூக்கம் அளப்பதை வண்டியக்கா தன் வீட்டுக்காரரிடம் கட்டிப் பார்த்தாள். அவர் கண் கொட்டாமல் டிவியில் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது அது "ஆழ்ந்த உறக்கம், இரண்டு மணி பத்து நிமிடம்" என்று காட்டியதாம். மறுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "முப்பது வருஷம் பஸ்ஸையும் இப்படித் தூங்கிக்கிட்டேதான் ஓட்டியிருப்பாரோ."

ட்ரையர் அண்ணன் சும்மா இருக்கவில்லை. ஒரு துண்டை உருளையாகச் சுருட்டி அதற்கு வாட்சைக் கட்டி மேசையில் வைத்தார். அது கொஞ்ச நேரம் பச்சை விளக்கைச் சிமிட்டிவிட்டு, துண்டுக்கு இதயத்துடிப்பு எழுபத்து நான்கு என்றது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அப்போதே அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கோட்டுக்காரர் மேசையில் வைத்திருக்க வேண்டும். விளையாட்டாக எடுத்துக்கொண்டோம்.

வாரக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் பட்டியல் வந்தது. எல்லா வாட்சும் கோட்டுக்காரரின் டேப்லெட்டுக்குக் கணக்கு அனுப்புகிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. யார் ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தார்கள் என்று மேலிருந்து கீழாக வரிசை. முதலிடம் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். அது நான். கடைசி இடம் ஆயிரத்து நூற்று நாற்பது. அது வண்டியக்கா.

இது எப்படி என்று யாருக்கும் புரியாமல் இல்லை. அந்த வாட்ச் காலைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறது. கை வீசினால் ஓர் அடி என்று எண்ணிக்கொள்ளும். நான் நின்ற இடத்தை விட்டு நகராமல் விரிப்பை உதறுகிறேன், மடிக்கிறேன், தட்டுகிறேன். ஒவ்வொன்றும் ஓர் அடி. அவளோ இரண்டு கையையும் வண்டிப் பிடியில் வைத்து அழுத்திக்கொண்டு மாடி மாடியாக ஏறுகிறாள். கை அசையவில்லை, ஆகவே அவள் நடக்கவில்லை. அவள் மூச்சு வாங்க நாலாவது மாடி வளைவில் தள்ளிக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டில் அது நடுங்கி, "நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள்" என்று எழுதிக் காட்டும். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவள் அறைந்திருப்பாள்.

என் போட்டோவைப் பலகையில் ஒட்டி "இந்த வார நடை ராணி" என்று அடியில் எழுதினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். எதற்குச் சிரித்தேன் என்று இப்போது என்னையே கேட்கிறேன்.

மூன்றாவது பட்டியல் வந்த அன்று கோட்டுக்காரர் வண்டியக்காவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"ஆயிரத்து அறுபதும்மா. எங்க வீட்டுல எங்கம்மா இதைவிட அதிகமா நடப்பாங்க."

"அப்போ ஆறாவது மாடிக்குத் துணி தானா ஏறிப் போச்சா சார்?"

"அது எனக்குத் தெரியாது. இதுல வரல. ஆறாயிரத்துக்குக் கீழ இருக்கறவங்களுக்கு மாசக் கடைசியில ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டாம்னு மேல இருந்து சொல்லிட்டாங்க."

"நீங்க ஒரு நடை என்கூட வாங்க. ஒண்ணே ஒண்ணு. வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

"எனக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏதும்மா. மெஷின் பொய் சொல்லாது."

அந்த இடத்திலேயே நான் உள்ளே போயிருக்கலாம். "சார், என் பதினெட்டாயிரம் பொய், நான் நாள் முழுக்க நின்ற இடத்தில் நிற்கிறவள்" என்று ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொன்னால் என் உண்மையான கணக்கு சில நூறு அடிதான், ஆறாயிரத்துக்குக் கீழே நானும் விழுவேன். என் ஒப்பந்தமும் அதே மாதக் கடைசியில்தான் முடிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனதுக்குள் திட்டுவதில் எனக்கு ஈடு கிடையாது.

மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வண்டியக்கா முதலில் ஒரு கையை வீசிக்கொண்டு மறுகையால் வண்டி தள்ளிப் பார்த்தாள். இடப்பக்கம் இழுக்கிற சக்கரம் விடுமா? இரண்டாவது வளைவில் வண்டி சுவரில் முட்டி நாற்பது விரிப்பும் தரையில் கொட்டியது. அத்தனையும் மறுபடி துவைக்கப் போட வேண்டி வந்தது. பிறகு வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு தள்ளினாள். அது தோலைக் காணாமல் "அணியவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டது. அதற்கும் ஒரு ஏச்சு வாங்கினாள்.

வீட்டில் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து கையை ஆட்டினால் எண்ணிக்கை ஏறும் என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னாராம். பத்து நிமிடம் ஆட்டியிருக்கிறாள். ஆயிரம் ஏறியதும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நடந்ததுக்குக் கணக்கு இல்ல, ஆட்டினதுக்குக் கணக்கா? எனக்கு வேணாம் அந்தப் பொழப்பு" என்று மறுநாள் என் மேசையருகே வந்து சொன்னாள்.

"என் இன்னொரு கையில கட்டிக்கறேன்க்கா. ஒரு வாரம். யாருக்குத் தெரியப் போகுது?"

"உன் கையில இருந்தா அது உன் கணக்குடி. நான் நடந்ததை அது எண்ணணும். அதான் எனக்கு வேணும். பிச்சை வேணாம்."

அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. கையை எண்ணுகிறது என்றால் கையில் ஏன் கட்ட வேண்டும்? நடப்பது கால்தானே. உடை மாற்றும் அறையில் அவளை பெஞ்சில் உட்கார வைத்து, கான்வாஸ் ஷூவைக் கழற்றி, வாட்சைக் கணுக்காலுக்குச் சற்று மேலே, பட்டையின் கடைசி ஓட்டையில் இழுத்துக் கட்டினேன். அதன் மேல் இரண்டு காலுறையையும் ஏற்றிவிட்டேன். தோல் படுகிறது, ஆகவே "அணியவில்லை" என்று சொல்லாது. பேண்ட் கீழே இறங்கியதும் வெளியே எதுவும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் காலுறையை இறக்கிப் பார்த்தோம். இருபத்திரண்டாயிரத்து நானூற்று அறுபது. திரையில் பட்டாசு வெடித்து "இலக்கை அடைந்துவிட்டீர்கள்" என்று வந்தது. வண்டியக்கா அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தினம் இவ்ளோவா நடந்திருக்கேன்?"

"ஆமாக்கா."

"பத்தொம்போது வருஷமா?"

நான் தலையாட்டினேன். ஷூவைப் போட்டுக்கொண்டு எழுந்தவள், "அப்போ அந்த மனுஷன் பஸ்ஸை விட நான்தான் அதிகம் ஓடியிருக்கேன், இன்னிக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு வாட்ச் சொல்லித்தான் அவள் உழைப்பு அவளுக்கே தெரிய வேண்டியிருந்தது என்று எனக்கு அதிலும் கோபம்தான்.

ஐந்து நாள் நன்றாகப் போனது. தினமும் இருபதாயிரத்துக்கு மேல். பலகையில் என் போட்டோ இறங்கிவிடும் என்று ட்ரையர் அண்ணன் கேலி செய்தார். ஆறாம் நாள் காலையில் கோட்டுக்காரர் முகம் வெளுத்துப்போய் வெளியே வந்தார். கையில் டேப்லெட். அதில் வண்டியக்காவின் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு முக்கோணம்.

"அம்மா, உங்க ஹார்ட்டு தினம் மணிக்கணக்கா நூத்திப் பதினஞ்சுல ஓடுது. அஞ்சு நாளாவே அப்படித்தான். சில நேரம் நூத்தி இருபதைத் தாண்டுது. நீங்க இங்க விழுந்து கிழுந்து வச்சீங்கன்னா யாரு பதில் சொல்றது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்."

"இந்த வயசுல தினம் இருபத்திரெண்டாயிரம் அடி. உங்க உடம்புக்கு ஆகாதும்மா. நாளையிலிருந்து வீட்டுல ரெஸ்ட் எடுங்க. நான் எழுதி அனுப்பிடறேன்."

"ஒப்பந்தம்?"

"உடம்பு சரியில்லாதவங்களுக்கு எப்படிப் புதுப்பிக்கறது?"

போன வாரம் நடக்கவில்லை என்று வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். இந்த வாரம் நடக்கிறாள் என்று அனுப்பப் பார்க்கிறார்கள். அந்த ஆளின் கோட்டைப் பிடித்து உருளைக்குள் போட்டுச் சுடுதண்ணீரில் ஒரு சுற்று விட வேண்டும் போல இருந்தது. மடித்துக்கொண்டிருந்த தலையணை உறை கிழிந்துபோகும் அளவுக்கு இழுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

வண்டியக்கா சண்டை போடவில்லை. அடுத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அரை மணியில் திரும்பி வந்தாள், கையில் ஒரு சீட்டு. மூன்றாவது மாடி நர்ஸ் அவளை நிறுத்தி, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணியிருக்கிறாள். எண்பத்து நான்கு. "வண்டியோட ஏறி வந்து நிக்கறீங்க, எண்பத்தி நாலுதான் இருக்கு. எனக்கே இது இல்லக்கா" என்று சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன்" என்று வண்டியக்கா என் காதருகே சொன்னாள். "வழியெல்லாம் காலுறையை இறக்கிவிட்டுப் பாத்துக்கிட்டே வந்தேன். ஏத்தத்துல வண்டி தள்றப்போ எண்பதுதான் காட்டுது. ஏத்தத்துலதானடி எனக்கு மூச்சு வாங்கும்? காலி வண்டியோட சமதளத்துல வேகமா வர்றேன், அப்போ நூத்திப் பதினெட்டுங்குது. நின்னா இறங்கிடுது. அது என் நெஞ்ச எண்ணல. என் காலடியத்தான் எண்ணுது."

அவள் சொன்னது சரிதான். கையில் கட்டியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. ஒவ்வொரு அடி தரையில் படும்போதும் கணுக்கால் அதிர்கிறது. அந்த மலிவு வாட்ச் அந்த அதிர்வையே நாடித்துடிப்பு என்று எடுத்துக்கொண்டது. நிமிடத்துக்கு நூற்றுப் பதினைந்து அடி வைத்தால் இதயமும் நூற்றுப் பதினைந்து. அவளுக்கு நெஞ்சு நோயைக் கட்டிவிட்டது நான்தான், என் இரண்டு கையால், கடைசி ஓட்டை வரை இழுத்து.

"அக்கா, கால்ல கட்டினதைச் சொல்லாதீங்க. சீட்டை மட்டும் காட்டுங்க."

"பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கோட்டுக்காரர் சீட்டைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மேசையில் வைத்தார்.

"இது ஒரு நிமிஷம்மா. இது அஞ்சு நாள்" என்று டேப்லெட்டைத் தட்டினார். "நான் எதை நம்பறது?"

வண்டியக்கா குனிந்து பேண்டைத் தூக்கி, காலுறையை இறக்கினாள்.

"அது என் நெஞ்சு இல்ல சார். என் காலு."

அவர் எழுந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வந்தது கோபம்கூட இல்லை, ஒரு நிம்மதி. பதில் சொல்ல வேண்டிய கஷ்டம் தீர்ந்த நிம்மதி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"யாரு இப்படிக் கட்டச் சொன்னது?"

கண்ணாடி வழியாக அவள் என்னைப் பார்த்தாள். நான் விரிப்பின் நுனிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"நானேதான் கட்டினேன்."

"கையிலதான் கட்டணும்னு தெளிவா சொல்லியிருக்கேன். இது மோசடிம்மா. அஞ்சு நாள் கணக்கும் செல்லாது."

"கையில கட்டினா எண்ண மாட்டேங்குது சார். வண்டியப் பிடிச்சுக்கிட்டு நடக்கறவளை அது எண்ணாது. என் வாயை நம்ப வேணாம். இங்க பதினோரு பேரு இருக்காங்க, கேட்டுப் பாருங்க."

கேட்கத்தான் செய்தார். அதற்கு மட்டும் அவருக்கு நேரம் இருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து, நான்கடி தூரத்தில் இருந்த என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. நடை ராணி நீங்கதானே. இவங்க நாள் முழுக்க நடக்கறதை நீங்க பாத்திருக்கீங்களா?"

உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன. ட்ரையர் அண்ணன் கதவைத் திறந்து பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்தேன் என்று சொன்னால், அப்புறம் வாட்ச் எப்படித் தப்பாச்சு என்பார். அப்புறம் என் பதினெட்டாயிரத்துக்கு வருவார். அதற்கப்புறம் காலில் கட்டிவிட்டது யார் என்பதற்கு வருவார். இத்தனையும் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. இத்தனை வேகமாக என் தலை நல்லதுக்கு ஒருநாளும் ஓடியதில்லை.

"நான் என் வேலையப் பாத்துக்கிட்டு இருப்பேன் சார்" என்றேன். "அதெல்லாம் கவனிக்கல."

கோட்டுக்காரர் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். ட்ரையர் அண்ணன் திரும்பிக்கொண்டார். வண்டியக்கா குனிந்து வாட்சைக் கழற்றி, பட்டையைத் துடைத்து, அவர் மேசையில் வைத்தாள். பட்டை இறுக்கிய இடத்தில் கணுக்காலைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. அன்றைக்கு இன்னும் ஆறு நடை பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் போனாள். கறை பட்ட ஒரு விரிப்பை என்னிடம் திருப்பிக்கூடக் கொண்டுவந்தாள். எப்போதும் போல பொத்தென்று போடாமல், ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது அந்த வண்டியை இரண்டு பேர் தள்ளுகிறார்கள், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். அப்படியும் நாளுக்குப் பத்து நடைதான் முடிகிறது. ஈரத் துணி வருகிறது என்று குழந்தைப் பிரிவிலிருந்து போன் வருகிறது. கோட்டுக்காரர் வேறு இடத்துக்குப் பதவி உயர்வில் போய்விட்டார். எனக்கு ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அன்று வேலை முடிந்ததும் அவள் பின்னாலேயே ஓடினேன். பின்வாசல் கேட்டைத் தாண்டி நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாள். தோளில் பை, பைக்குள் அவளுடைய தண்ணீர் பாட்டிலும் டிபன் டப்பாவும் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

"அக்கா, என் பேரை ஏன் சொல்லல? நான்தானே கட்டினேன். சொல்லியிருக்கலாமே."

அவள் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் போதும் என்று இருந்தது.

"கட்டினது நீன்னு நீ சொல்லணும்னு நான் எதிர்பாக்கலடி. உனக்கும் வீடு இருக்கு, எனக்குத் தெரியாதா? நான் நடந்தேன்னு சொல்லியிருக்கலாம். அவ்ளோதான்."

"அக்கா..."

"நேரமாச்சு. அவரு காத்துக்கிட்டு இருப்பாரு."

அவள் போய்விட்டாள். வண்டி இல்லாமல் அவள் நடந்து நான் பார்த்தது அன்றுதான். இரண்டு கையையும் நன்றாக வீசித்தான் நடந்தாள்.